பேர் யார் கையில்?

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் ஒரு கொமினிகேசன் கடை. ரீலோட், போட்டோகொப்பி, லெமினேட், பாஸ்போர்ட் அளவுப் படம், பேஸ்புக் திறந்து கொடுத்தல் என எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். கையில் சாமான் பை, அதற்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய கைப்பேசி.

"தம்பி, என் பேஸ்புக்குல நான் போடாத படமெல்லாம் வருதாம். கொழும்புல இருந்து மக ஏசுறா. அத எடுத்து வுடுங்க."

"பாஸ்வேர்ட் சொல்லுங்கக்கா."

"நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க."

"நான் இல்லக்கா, முந்தி இருந்த அண்ணன்."

பையன் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினான். ஓர் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அம்மாவின் எண் அப்படி முடியவில்லை. கணக்கைத் திறந்த அண்ணன் அவசரத்துக்குத் தன் எண்ணையே கொடுத்துவிட்டிருக்கிறான். அவன் இப்போது கட்டாரில்.

"அப்ப என் பேருல இருக்கிறது யாருது?" என்று கேட்டார். பையன் தலையைச் சொறிந்தான். வரிசை நகர்ந்தது.

இணையக் கணக்கில் தனிப்பட்ட தரவைக் காப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் எல்லாம் 'அமைப்புகள் பகுதிக்குப் போங்கள், இதை அழுத்துங்கள்' என்றுதான் ஆரம்பிக்கும். கணக்கு உங்களுடையது, சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை அவை. நுவரெலியா, ஹட்டன், பொகவந்தலாவைத் தோட்டங்களில் அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இங்கே ஒருவரைப் பற்றிய பதிவை இன்னொருவர் எழுதி, இன்னொருவர் வைத்துக்கொள்வது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். கைப்பேசி அந்தப் பழக்கத்துக்குள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலியும் பேர்தான். நிர்ணயித்த கிலோ கொழுந்து நிறுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால் அது குடும்பக் கணக்கு அல்ல, சம்பளக் கணக்கு. அந்தப் பேரை எழுதும் பேனா ஒருநாளும் வேலை செய்தவர் கையில் இருந்ததில்லை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை, ஆபீசில் கிளாக்கர், அதற்கு மேலே துரை. செக்ரோல் என்ற அந்தப் பெரிய புத்தகத்தைத் தொழிலாளி தூரத்திலிருந்து பார்த்திருப்பார். பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்.

இந்தப் பழக்கம், தொழிலாளர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டுவதற்கு முன்பே தொடங்கியது. தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்காக 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகத்தை அமைத்தார்கள். அந்தக் காலத்துப் பயணச்சீட்டு ஒரு தகரவில்லை. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் அதில் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்; தோட்டம் அதைப் பிறகு ஆளின் கணக்கில் ஏற்றும். அணிந்திருப்பவருக்கு அதை வாசிக்கத் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வழியில் நின்றவர்கள் வாசித்தால் போதும்.

துண்டு இன்னும் கூர்மையானது. 'இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, செலுத்தினால் விடுவிக்கிறோம்' என்று ஒரு தோட்டத்துத் துரை, ஆட்களைச் சேர்த்து வந்த கங்காணியிடம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் நடந்தால் கடனும் கூடவே நடந்தது. தொகை எப்படி வந்தது, அதில் தன் பங்கு எவ்வளவு என்று அதில் அடங்கியவருக்குத் தெரியாது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் துண்டு எழுதுவதையும் வாங்குவதையும் தடை செய்தது. சொல் மட்டும் ஒழியவில்லை. இன்றும் மாதச் சம்பளச் சீட்டுக்கு மலையகத்தில் 'சம்பளத் துண்டு' என்றே பெயர்.

கடிதத்தின் கதையும் இதைப் போன்றதே. லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராவுக்கு வீட்டு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத தோட்டங்களில், ஆளின் பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர், தபால் நிலையம் என்று எழுதினால் தபால் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் மூலமாவது லயத்துக்கு வரும், அல்லது வராமல் போகும். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் அழைப்புக் கடிதம் கிடைத்த கதை ஒன்றாவது மலையகத்தின் எந்தக் குடும்பத்திலும் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. உறை பிரித்திருந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடத் தோன்றாது. வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

ஆகவே கைப்பேசி எண்தான் தோட்டத்து ஆளின் முதல் சொந்த முகவரி என்று நான் நினைக்கிறேன். ஆபீஸ் மேசையைத் தொடாமல் ஒரு செய்தி நேராக அவரிடம் வருவது இதன்மூலமே முதன்முறை சாத்தியமானது. 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைக்குப் பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது என்பதால் நகையை அடகு வைத்தாவது ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். ஒரு தலைமுறை மின்னஞ்சலைக் கண்ணால் காணாமலே நேராகச் சமூக ஊடகத்துக்குள் நுழைந்தது.

நுழைந்த வழிதான் சிக்கல். அண்ட்ரொய்ட் கைப்பேசியில் ப்ளே ஸ்டோரிலிருந்து எதையும் இறக்க வேண்டுமானால் கூகுள் கணக்கு வேண்டும். வாங்க வந்தவருக்கு அது இல்லை. பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். கடைப் பையன் இரண்டு நிமிடத்தில் ஒன்றைத் திறக்கிறான்: பெயரோடு நாலு எண் சேர்த்து ஒரு முகவரி, வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு கடவுச்சொல், மீட்பு எண்ணுக்குத் தன் எண், பிறந்த நாள் கேட்டால் ஜனவரி 1. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. உதவிதான். ஆனால் அந்த அம்மா மாலையில் லயத்துக்குப் போகும்போது கைப்பேசி அவர் பையிலும் சாவி கடையிலும் இருக்கின்றன. அதன்பிறகு சேமிக்கும் தொடர்பு எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். படங்களைக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இயங்கினால், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிய படமும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அங்கேதான் போகும். வேறொரு கருவியில் யாராவது அதைத் திறந்தால் எச்சரிக்கை வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், விரலால் தள்ளிவிடப்படும்.

கைப்பேசி உடைந்தால் கதை மறுபடி தொடங்கும். புதுக் கைப்பேசி, புதுக் கணக்கு. பழையதில் கிடந்த திருவிழாப் படங்கள், இறந்துபோன தாயின் கடைசிப் படம் எல்லாம் யாரும் போகாத காம்பராவில் பூட்டிக் கிடக்கும். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கப்போவதாக கூகுள் 2023இல் அறிவித்தது. அந்த வருட டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கியது. இந்த விதி வந்ததே பாதுகாப்பின் பெயரால்தான். கவனிப்பாரற்ற கணக்குகளைத் திருடுவது எளிது என்பது அவர்கள் வாதம். சரியான வாதம். அதே விதி, சாவி இல்லாதவருக்குத் தன் வீட்டை இடிக்கும் அறிவித்தலாகவும் ஆகிறது.

எண்ணுக்கும் இதே நிலை. பல வீடுகளில் சிம் அட்டை தாத்தா பேரிலோ, கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணன் பேரிலோ, சில வேளை யார் பேர் என்றே தெரியாமலோ இருக்கும். நீண்ட காலம் ரீலோட் போடாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்; பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். பழைய எண்ணில் கட்டிய பேஸ்புக், வட்ஸ்அப், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் எண்ணைப் பின்தொடரும், ஆளைப் பின்தொடராது. எண் யார் கையிலோ, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற கதவும் அவர் கையில்.

இவ்வளவையும் சொல்லி, 'ஆகவே எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்' என்று முடித்துவிடலாம். நகரத்து வகுப்புகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். மலையகத்தில் அந்த அறிவுரை காதில் ஏறாது. ஏறாததற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் பாட்டன் பிறந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கும்? அடுத்த வருடத்து இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. திருமணமானவருக்கு ஏழு வருடம், ஆகாதவருக்குப் பத்து. விண்ணப்பங்களில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. சான்று கையில் இருந்ததா என்பதில் ஒரு குடும்பத்தின் நாடு தீர்மானமானது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 150,000 பேரின் கணக்கு 1974இல் பாதிப் பாதியானது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொன்றிலும் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, அந்த டிசம்பரில் பத்து நாட்களுக்குள் 190,000க்கு மேற்பட்டோர் குடியுரிமை பெற்றபோது, மேசைகளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் விபரத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி நின்றார்கள்.

இந்த மக்களுக்குப் பதிவில் இருப்பது பாதுகாப்பு, இல்லாமல் போவதுதான் ஆபத்து. மலையகத்து வீடு ஒன்றில் பெட்டியைத் திறந்தால் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டுகள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி இருக்கும். லெமினேட் செய்யும் தொழில் ஹட்டனில் இவ்வளவு செழிப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. யாராவது கோப்போடு லயத்துக்கு வந்தால் அடையாள அட்டையின் பிரதியை எடுத்து நீட்டுவார்கள். நிவாரணமா, கடனா, வீட்டுத் திட்டமா, தொழிற்சங்கமா என்று கேட்பது பிறகு. கொடுக்காமல் விட்டு, பட்டியலில் பேர் இல்லாமல் போனால் யார் பொறுப்பு?

அந்தப் பிரதி என்ன சொல்கிறது என்று ஒருமுறை நெருங்கிப் பார்க்கலாம். 1985 மார்ச் 1 அன்று பிறந்த பெண் ஒருவரின் பழைய அடையாள அட்டை எண் 85561 என்று தொடங்கும். 85 பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக் கணக்கிடுவதால் மார்ச் 1 என்பது 61ஆம் நாள். 500ஐக் கூட்டினால் 561. பழைய எண்ணின் கடைசியில் நின்ற 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்து, ஆள் வாக்காளரா என்பதைக் காட்டியது. நாடற்றவர்கள் நிறைந்திருந்த மலைகளில் அந்த ஓர் எழுத்தின் கனம் அதிகம். 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க எண்ணில் எழுத்து போய்விட்டது, பிறந்த வருடம் முழுதாக வந்துவிட்டது. ஆக, ரீலோட் கடையிலோ பார்சல் கவுண்டரிலோ உரக்கச் சொல்லும் இந்த எண்ணிலிருந்து பிறந்த நாளும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் தானே தெரிந்துவிடும். பிறகு பேஸ்புக்கில் பிறந்த வருடத்தை மறைத்து வைத்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் இருக்கிறது, ஆனால் சிறியது.

அரசின் கையும் சுத்தமில்லை. 2023இல் அஸ்வெசும நலத்திட்டத்துக்காக வீடு வீடாக 22 குறிகாட்டிகளின்படி விபரம் திரட்டினார்கள். வீட்டுச் சுவர், கழிவறை, மின்சாரம், நோய், கல்வி என எல்லாம். அதை வைத்துக் குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. அப்போது மாதத்துக்கு 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை உதவி. பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். பட்டியலில் இருப்பவருக்கு எதிராகப் பிறர் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். மோசடியைத் தடுக்க வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பது நியாயம். ஆனால் ஒரு சுவருக்கு அப்பால் இருமினால் கேட்கும் லயத்தில், யார் 'மிக வறியவர்', யார் வெறும் 'வறியவர்' என்று அரசு முத்திரையோடு ஒட்டிவைத்துவிட்டு, அயலாரிடம் 'இது சரியா, சொல்லுங்கள்' என்று கேட்பது வேறு விஷயம். வறுமையை நிரூபிக்க அந்தரங்கத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். வேறு வழி இல்லை.

லயத்தைச் சொன்னேன். தனியுரிமை அமைப்புகளை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்த பயம் அந்நியரைப் பற்றியது. 'பொது', 'நண்பர்களின் நண்பர்கள்', 'நண்பர்கள்', 'நான் மட்டும்' என்ற அவர்களுடைய வட்டங்கள், தூரத்து ஆள் கெட்டவர், கிட்ட உள்ளவர் நல்லவர் என்ற கணக்கில் வரையப்பட்டவை. தோட்டத்தில் ஓர் இளம் பெண்ணின் பயம் அநேகமாகத் தெரிந்தவரைப் பற்றியது. மேல் டிவிசன் சித்தப்பா, அண்ணனின் கூட்டாளி, வேலைத்தளத்து மேற்பார்வையாளர். 'நண்பர்கள்' என்று வைத்தால் அதில் இவர்கள் எல்லோரும் இருப்பார்கள். 'நண்பர்களின் நண்பர்கள்' என்று வைத்தால் ஒரு தோட்டம் முழுவதும் வந்து, தலவாக்கலை வரை நீளும். ஆகவே இங்கே அதிகம் பயன்படுவது எவரும் எடுத்துச் சொல்லாத ஒரு வசதி: பதிவு போடும்போது 'இன்னாரைத் தவிர' என்று ஆட்களை விலக்கிவைப்பது. வட்ஸ்அப்பிலும் ஸ்டேட்டஸ், முகப்புப் படம் இரண்டுக்கும் அது உண்டு. என் அக்கா மகள் அதை இரண்டு வருடமாகக் கையாள்கிறாள். விலக்கப்பட்டவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்று போன மாதம்தான் தெரிந்தது. நல்ல பிள்ளை.

வட்ஸ்அப் குழுக்கள் இன்னொரு கதவு. திருவிழாக் குழு, வகுப்புக் குழு, சங்கக் குழு, மரண அறிவித்தல் குழு. ஒன்றில் சேர்ந்ததும் உங்கள் எண் அதில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு 2019இலேயே வந்துவிட்டது. தொடாமல் விட்டால் யாரும் சேர்க்கலாம். எண் வெளியே போவதன் விலை பெண்களுக்குத்தான் அதிகம். 2017இல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் பெண்களின் எண்களைத் தோற்றத்துக்கு ஏற்ற விலை வைத்து விற்றதாக வெளியான செய்தி பெரிய அதிர்ச்சியைக் கிளப்பியது. இங்கே சில பிள்ளைகள் கடையில் எண்ணைச் சொல்லாமல் ரீலோட் கார்ட் வாங்கிச் சுரண்டிப் போட்டுக்கொள்வதற்கு அந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடையில் நிற்பவன் எண்ணை எழுதும்போது முகத்தை நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

எண் திருட்டில் இன்னொரு வகை, ஆறு இலக்கக் குறியீடு. தெரிந்தவர் ஒருவரின் கணக்கிலிருந்து 'தவறுதலா உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கு, அனுப்பி விடுங்க' என்று செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் திருடன் கைப்பேசியில் திறக்கும், பிறகு உங்கள் பேரில் உங்கள் உறவினரிடம் காசு கேட்கும். கேட்டதைக் கொடுத்துப் பழகிய ஊரில் இது எவ்வளவு எளிதாகப் பலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு படிச் சரிபார்ப்பு என்று வட்ஸ்அப் 2017இல் கொண்டுவந்த வசதியை இயக்கி, இன்னுமோர் ஆறு இலக்க எண்ணை நாமே வைத்துக்கொண்டால், வந்த குறியீடு மட்டும் போதாமல் போகும். எல்லா அமைப்புகளிலும் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் இதைச் செய்யச் சொல்வேன்.

துண்டு திரும்பி வந்திருப்பது கடன் செயலிகளில். அடையாள அட்டைப் படத்தைக் காட்டினால் சில நிமிடத்தில் பணம் என்று சொல்லும் செயலிகள், நிறுவும்போது தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அனுமதிக்காவிட்டால் பணம் இல்லை. தவணை தவறினால் பட்டியலில் உள்ள தாய்மாமனுக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கும் அழைப்புப் போகும். இந்தியாவில் இந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 மே 31 முதல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகுள் தன் ப்ளே ஸ்டோருக்கு விதி வைத்தது. வெளியிலிருந்து லிங்க் மூலம் இறக்கும் செயலியை அந்த விதி தொடாது. நூறு வருடத்துக்கு முன் கங்காணியின் கடன் அவர் கீழிருந்த முழுக் கூட்டத்தின் மேலும் ஏறியது. இப்போது ஒருவரின் கடன் அவருடைய தொடர்புப் பட்டியல் முழுவதன் மேலும் ஏறுகிறது. அன்று போலவே, ஏற்றப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஒரு மாதிரியாக. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக எதுவும் இல்லை. இந்தியாவிலும் எழுத்தில் இல்லைதான். அங்கே ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஓகஸ்ட் 24 அன்று அது இருக்கிறது என்று தீர்ப்பெழுதியது. இலங்கை நாடாளுமன்றம் 2022 மார்ச்சில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், அழிக்கச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அது உரிமை தருகிறது. இனம், உடல்நலம், கைரேகை போன்றவையும் பிள்ளைகளைப் பற்றிய தரவும் விசேட வகை. பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்தன. அந்த நாளுக்குச் சற்று முன் ஒத்திவைத்தார்கள். தவணை தள்ளிப்போவது மலையகத்துக்குப் புதிதா என்ன.

அந்த உரிமைகளில் தோட்டத்துக்கு உடனே வேண்டியது திருத்தும் உரிமை என்பது என் எண்ணம். 'அழித்துவிடு' என்பதைவிட 'சரியாக எழுது' என்பதே இங்கே பழைய கோரிக்கை. கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதிக் கணக்கில் இன்னொன்று. ஓர் எழுத்து மாறியதற்காக ஓய்வு பெற்ற பிறகு சத்தியக் கடதாசியோடு அலைந்தவர்கள் எத்தனையோ. கடையில் திறந்த கணக்கும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

டிக்கோயா அம்மாவின் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அன்று மகளின் எண்ணை வாங்கிப் பேசி, அடுத்த ஞாயிறு மறுபடி சந்தித்தோம். முதல் வேலையாகச் சிம் யார் பேரில் இருக்கிறது என்று நிறுவனத்தின் கிளையில் கேட்டோம். இறந்துபோன கணவர் பேரில். அதைத் தன் பேருக்கு மாற்ற அரை நாள் போனது. பிறகு அவர் பேரில் ஒரு கூகுள் கணக்கு, மீட்பு எண் அவருடையது, இரண்டாவது மீட்பு வழி மகளின் மின்னஞ்சல். கடவுச்சொல்லை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாந் தம்பி, நானே எழுதுறேன்" என்று சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் மெதுவாக எழுதி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதே என்று எல்லாக் கையேடும் சொல்லும். அந்தச் சுருக்குப் பையைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பேஸ்புக் கணக்கைத்தான் அசைக்க முடியவில்லை. என் பேரில் வேறொருவர் நடத்துகிறார் என்று முறையிட்டோம். அடையாள ஆவணம் கேட்டார்கள், அனுப்பினோம். அட்டையில் அவர் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல். பிறந்த தேதி ஒக்டோபர் மாதத்தில். கணக்கில் அந்த அண்ணன் போட்ட தேதி ஜனவரி 1. பொருந்தவில்லை என்று பதில் வந்தது. கட்டாரில் இருக்கும் அண்ணனுக்கு மகள் இரண்டு தடவை செய்தி அனுப்பினாள். நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. இந்தப் புதுவருடத்துக்கும் அந்தக் கணக்கின் சுவரில் தோட்டத்து ஆட்கள் பதினேழு பேர் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டிருந்தார்கள்.